நான்காவது வாக்கியம்

மூன்றாம் வகுப்பு பி பிரிவில் என்னிடம் முப்பத்தோரு பிள்ளைகள் பிரெஞ்சு படித்தார்கள். பிரெஞ்சில் அவர்களில் இருபது பேருக்கு மேல் அப்பா டாக்டர். மீதிப் பேரில் சிலருக்கு ஆசிரியர், சிலருக்குப் போலீஸ், இரண்டு பேருக்கு ரொட்டி சுடுகிறவர். பாடப்புத்தகத்தில் வேலைகளைப் பற்றிய பக்கத்தில் ஆறே ஆறு படங்கள்தான் இருந்தன. தமிழில் அந்த அப்பாக்கள் என்ன செய்தார்கள் என்பது எனக்கு ஓரளவு தெரியும். லாரி ஓட்டினார்கள், செல்போன் கடை வைத்திருந்தார்கள், மெட்ரோ தூண் கட்டுகிற இடத்தில் கம்பி வளைத்தார்கள். அதற்கெல்லாம் புத்தகத்தில் படம் இல்லை.

காட்டுப்பாக்கத்தில் இருக்கும் அந்தப் பள்ளியில் நான் சேர்ந்தது முதல் வேலையாக. எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான்தான். கல்லூரியில் சேரும் நாளில் வரிசையில் எனக்கு முன்னால் நின்றவன், முதல் மொழிக்குப் பிரெஞ்சு எடுத்தால் மார்க் அள்ளலாம் என்றான். எடுத்தேன். மார்க் வரவில்லை, ஆனால் மொழி பிடித்துப்போனது. அதன் பிறகு நகரத்துக்குப் போய் இரண்டு வருடம் தனியாகப் படித்து, பரீட்சைகள் எழுதித் தேறினேன். நான் வாய்விட்டுப் படிப்பதைக் கேட்டு அம்மா, "மூக்கால பேசுறதுக்கா இத்தினி வருசம் படிச்ச?" என்று கேட்டாள். வேலை கிடைத்தபோது தெருவில் நாலு வீட்டுக்குப் போய், மகன் வெளிநாட்டுப் பாஷை வாத்தியார் என்று சொல்லிவிட்டு வந்ததும் அவள்தான்.

கோவில்பதாகையிலிருந்து ஆவடி, ஆவடியிலிருந்து பூந்தமல்லி, அங்கிருந்து காட்டுப்பாக்கம். மூன்று பஸ். இரண்டாவது பஸ் பாரிவாக்கத்தில் நிற்கும். அந்த நிறுத்தத்தைப் பற்றிப் பிறகு சொல்ல வேண்டியிருக்கும்.

ஆண் ஆசிரியரைப் பிரெஞ்சில் எப்படிக் கூப்பிட வேண்டும் என்று முதல் நாளே சொல்லிக் கொடுத்தேன். மரியாதை குறைந்துவிடுமோ என்று பயந்து பிள்ளைகள் பின்னால் ஒரு சாரையும் சேர்த்துக்கொண்டார்கள். "மெஸ்யூ சார்" என்பது அந்தப் பள்ளியில் என் பெயராகவே ஆகிவிட்டது. பள்ளி வேன் ஓட்டுகிற அண்ணன்கூட அப்படித்தான் கூப்பிடுவார்.

ஜன்னல் பக்கம் மூன்றாவது பெஞ்சில் ஒரு சிறுமி உட்காருவாள். பாரிவாக்கத்துப் பெண். ஒருமுறை சொன்னால் ஒலியைப் பிடித்துக்கொள்ளும் காது அவளுக்கு. மற்ற பிள்ளைகள் பத்து தடவை சொல்லியும் வராத மூக்கொலி அவளுக்கு இரண்டாம் தடவையில் வந்துவிடும். வேலைகள் பாடம் நடத்திய அன்று எல்லோரும் ஐந்து வாக்கியத்தில் தங்களைப் பற்றி எழுத வேண்டும். பெயர், வயது, ஊர், அப்பாவின் வேலை, பிடித்த பழம். எல்லோரும் குனிந்து எழுதிக்கொண்டிருக்கும்போது அவள் எழுந்து நின்றாள்.

"மெஸ்யூ சார், பஃபிங்குக்கு இன்னா சார்?"

இன்னாவைக் கேட்டு வகுப்பு சிரித்தது. அதட்டினேன். பஃபிங் என்றால் எனக்குத் தெரியும். அம்பத்தூர் எஸ்டேட்டில் குழாய், கைப்பிடி, வண்டிச் சாமான்களைச் சுற்றுகிற சக்கரத்தில் கொடுத்துப் பளபளப்பாக்குகிற வேலை. எங்கள் தெருவிலேயே இரண்டு பேர் அதற்குப் போகிறார்கள். சாயங்காலம் திரும்பும்போது முகமெல்லாம் கரியாக இருக்கும், கண்ணாடி மாட்டியிருந்த இடம் மட்டும் வெளுத்திருக்கும். அந்த வேலையைத் தமிழில் எத்தனையோ பேருக்கு விளக்கியிருக்கிறேன். பிரெஞ்சில் என்னிடம் சொல் இல்லை. பீரியட் முடியப் பத்து நிமிடம் இருந்தது. போர்ஷன் பின்தங்கியிருந்தது.

"புத்தகத்துல இருக்கிறதுல ஒண்ணு போடும்மா. டாக்டர் போட்டுடு" என்றேன்.

"எங்கப்பா டாக்டர் இல்ல சார்."

"பிரெஞ்சுலதானே. யாருக்குத் தெரியப்போகுது."

அவள் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாள். பிறகு இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த ரகசியத்தைக் கேட்டதுபோல உதட்டை மடித்துக்கொண்டு உட்கார்ந்து எழுதினாள். அது கீழ்ப்படிதல் என்று அப்போது எடுத்துக்கொண்டேன்.

பேச்சுப் பயிற்சிக்கு மார்க் போட எனக்கு ஒரு வழக்கம் இருந்தது. முப்பத்தோரு பேரையும் தனித்தனியாகப் பேச வைக்கப் பீரியட் போதாது. அதனால் ஞாயிற்றுக்கிழமைக்குள் பெற்றோர் போனில் பதிவுசெய்து என் வாட்ஸப்புக்கு அனுப்பிவிட வேண்டும். என் ஞாயிறுகள் அந்தக் குரல்களில் போயின. குக்கர் விசில், சீரியல், வாசலில் பைக் கிளம்பும் சத்தம், மறந்த இடத்தில் பின்னாலிருந்து எடுத்துக்கொடுக்கும் அம்மாக்கள். பிரெஞ்சு தெரியாத அம்மாக்கள் அதை எழுத்துக் கூட்டிக் கிசுகிசுப்பதுதான் பாதி நேரம் கேட்கும். மார்க் போட்டதும் அழித்துவிடுவேன். என் போனில் இடம் இருக்காது.

அவளுடையது சனிக்கிழமை சாயங்காலமே வந்தது. பின்னால் எந்தச் சத்தமும் இல்லை. மூன்று வாக்கியம் தண்ணீர் போல வந்தது. நான்காவதுக்கு முன்னால் ஒரு நிறுத்தம். மூச்சைப் பிடித்ததுபோல, மூக்கில் லேசாக ஒரு சத்தம். பிறகு என் அப்பா ஒரு டாக்டர் என்ற வாக்கியம், முடிவு மட்டும் கேள்வி கேட்பதுபோல மேலே ஏறி. அப்புறம் மாம்பழம். நடுவில் மறந்துபோய் நினைவுக்குக் கொண்டுவந்திருக்கிறாள் என்று நினைத்து, பத்துக்கு ஒன்பதரை போட்டேன். ஆனாலும் வகுப்பிலேயே நல்ல உச்சரிப்பு அதுதான். வகுப்பின் வாட்ஸப் குழுவில் அதைப் போட்டு, இதைக் கேட்டுப் பழகவும் என்று கீழே எழுதினேன்.

பிள்ளைகள் பழகினார்கள். எதைக் கேட்டார்களோ அதை அப்படியே. அடுத்த வாரம் வகுப்பில் ஒவ்வொருவராக எழுந்து சொன்னபோது மூன்று வாக்கியம் முடிந்ததும் எல்லோரும் மூச்சைப் பிடித்தார்கள், மூக்கில் அந்தச் சின்னச் சத்தத்தோடு. அதுவும் பிரெஞ்சு என்று நினைத்துவிட்டார்கள். ஆசிரியர் அறையில் இதைச் சொல்லி நானே சிரித்திருக்கிறேன். அந்தச் சிறுமி தன் இடத்தில் உட்கார்ந்து, தன் முறை வரும்வரை ஒவ்வொருவர் வாயையும் பார்த்துக்கொண்டிருப்பாள்.

மழைக்காலத்தில் அவள் வரவில்லை. காய்ச்சல் என்று லீவ் லெட்டர் வந்தது. ஒரு வாரம் ஆவதற்குள் வகுப்பாசிரியைக்குப் போன் வந்தது. தலைமையாசிரியையும் இன்னும் இரண்டு பேரும் பள்ளி வேனில் போனார்கள். எனக்குப் பரீட்சை ட்யூட்டி இருந்தது. நானும் வருகிறேன் என்று கேட்டிருந்தால் மாற்றிக் கொடுத்திருப்பார்கள். நான் கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் பஸ் பாரிவாக்கத்தில் நின்றபோது நிறுத்தத்துச் சுவரில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஈரத்தோடு ஒட்டியிருந்தது. அடையாள அட்டைக்கு எடுத்த படம், பள்ளிச் சீருடை, இரட்டை ஜடை. நான் உட்கார்ந்திருந்த ஜன்னலுக்கு நேராக இருந்தது. தினமும் இரண்டு தடவை அந்த நிறுத்தம். மாசம் போகப்போக மழையில் நிறம் இறங்கி, முதலில் சீருடையின் நீலம் போனது, அப்புறம் ரிப்பன். முகம் கடைசிவரை இருந்தது.

பரீட்சை லீவ் முடிந்து பள்ளி திறந்து முதல் பீரியட். என்ன நடத்துவது என்று தெரியாமல், தெரிந்த பாடத்தையே எல்லோரும் சேர்ந்து சொல்லுங்கள் என்றேன். முதல் வாக்கியம் சொன்னார்கள். இரண்டாவது, மூன்றாவது. நான்காவது வருவதை நான் யோசித்திருக்கவில்லை. முப்பது பேரும் ஒன்றாக மூச்சைப் பிடித்தார்கள். முப்பது மூக்கிலிருந்தும் அவளுடைய சத்தம் வந்தது. ஜன்னல் பக்கம் மூன்றாவது பெஞ்சில் ஓர் இடம் காலியாக இருந்தது.

அந்த நிறுத்தத்தை விட்டுவிடச் சொல்லிப் பார்த்தேன். அங்கே நிறுத்த வேண்டியதில்லை, சேர்த்துச் சொல்லுங்கள் என்று அடுத்த வாரங்களில் பலமுறை சொன்னேன். முடியவில்லை. முதல் பெஞ்சுப் பையன் ஒருவன், "அப்படித்தான் சார் அது" என்றான்.

அவள் போய் நாற்பது நாள் கழிந்திருக்கும். ஒரு சனிக்கிழமை, மதியத்தோடு பள்ளி முடிந்து நான் கிளம்பும்போது வண்டி நிறுத்துமிடத்தில் ஒருவர் என்னை நோக்கி வந்தார். வேலைக்குப் போகும் சட்டை. கை கழுவியிருந்தாலும் நகக்கண்ணிலும் ரேகையிலும் கறுப்பு இருந்தது. மகளின் நோட்டுகளைப் பள்ளியில் கொடுத்திருந்தார்கள், அந்தப் பை அவர் தோளில் தொங்கியது. அவர் யார் என்று சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

மனைவியின் போனில்தான் எல்லாம் இருந்ததாம். அந்தப் போன் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து வண்டிச் சக்கரத்தில் நசுங்கிவிட்டதாம். கடைக்காரன் எதுவும் எடுக்க வராது என்று சொல்லிவிட்டான். பிறந்தநாளுக்கு எடுத்த வீடியோக்களில் பாட்டுதான் கேட்கிறது, பிள்ளை பேசுவது கேட்கவில்லை.

"போட்டோ நெறைய கீது சார். கொரல்தான் இல்ல" என்றார்.

எனக்கு அனுப்பியது நினைவிருக்கிறது என்றார். மார்க் போட்டதும் அழித்துவிடுவேன் என்பதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், இருக்குமா தெரியவில்லை என்று மட்டும் சொன்னேன்.

"பாருங்க சார். நான் நிக்கிறேன்."

வேப்பமரத்தடியில் சிமென்ட் பெஞ்ச். அதில் உட்கார்ந்து பார்த்தேன். எங்கள் உரையாடலில் இல்லை, நானே அழித்திருந்தேன். அப்போதுதான் வகுப்புக் குழு நினைவுக்கு வந்தது. மேலே மேலே தள்ளிக்கொண்டே போனேன். லீவ் அறிவிப்பு, சீருடை அறிவிப்பு, மற்றவர்களின் குட் மார்னிங் பூக்கள். அவர் உட்காரவில்லை. என் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியில் கிடைத்தது, கீழே நான் எழுதியதோடு. இதைக் கேட்டுப் பழகவும்.

போட்டேன். அவர் குனிந்து போனுக்குப் பக்கத்தில் காதைக் கொண்டுவந்தார். நான்காவது வாக்கியத்துக்கு முன்னால் அந்த நிறுத்தம் வந்தபோது அவர் கை தானாக மேலே வந்தது, யாரையோ இரு என்று சொல்வதுபோல. மூன்று தடவை கேட்டார். சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"இன்னா சொல்லுது சார் என் பொண்ணு?"

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். ஆறாம் வகுப்பில் ஒரு விண்ணப்பத்தில் அப்பாவின் வேலை என்ற இடத்தில் நான் சூப்பர்வைசர் என்று எழுதினேன். அப்பா அப்போது கட்டட வேலையில் சிமென்ட் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது, கைநாட்டுதான். அதனால் யாருக்கும் தெரியப்போவதில்லை என்று நினைத்தேன். கைநாட்டு வாங்கும் முன் ஆசிரியர் நல்லெண்ணத்தில் ஒவ்வொரு வரியாக அவருக்குப் படித்துக் காட்டினார். அப்பா விரலை வைத்துவிட்டு, வீடுவரை எனக்கு முன்னால் நடந்துபோனார். எப்போதும் என் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கிறவர்.

சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு அந்த முதுகுதான் தெரிந்தது. பெயரைச் சொல்கிறாள் என்றேன், எட்டு வயது என்கிறாள், சென்னையில் இருக்கிறேன் என்கிறாள். அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். பிறகு நிறுத்தினேன். அவளைப் போலவே நானும் அந்த இடத்தில் நிறுத்தினேன்.

"எங்கப்பா எஸ்டேட்ல பஃபிங் வேலை செய்யறாருன்னு சொல்றா."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"பஃபிங்குன்னா சொல்லுது?"

"ஆமாங்க. பிரெஞ்சுல."

"அப்படியா" என்றார். ரொம்ப நேரம் வண்டிகள் நிறுத்தியிருந்த பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். துக்கம் என்று நினைத்தேன். "சரி சார்" என்று சொல்லிவிட்டு, பதிவை அவருடைய எண்ணுக்கு அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். பையைத் தோளில் சரிசெய்துகொண்டு போனார். ஐந்தாவது வாக்கியம் என்ன என்று அவர் கேட்கவில்லை என்பதைப் பஸ் ஏறிய பிறகுதான் கவனித்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அகராதியில் தேடினேன். மெருகு போடுகிறவருக்குப் பிரெஞ்சில் ஒரு சொல் இருக்கிறது. எட்டு வயதுப் பிள்ளை சொல்லக்கூடிய சின்னச் சொல். தேட அரை நிமிடம்கூட ஆகவில்லை. அன்று வகுப்பில் என்னிடம் பத்து நிமிடம் இருந்தது.

அதற்குப் பிறகு பாரிவாக்கம் வந்தால் நான் ஜன்னல் பக்கம் பார்ப்பதை விட்டுவிட்டேன். பார்க்காவிட்டாலும் தெரிந்தது. கண்டக்டர் விசில், ஆட்கள் இறங்குகிற சத்தம், ஒரு நிமிட நிறுத்தம், பிறகு வண்டி நகர்வது. அந்த ஒரு நிமிடம் முழுக்க நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறேன் என்று ஒருநாள் தெரிந்தது. பிரெஞ்சு தெரிந்த வேறு யாரிடமாவது அவர் அதைப் போட்டுக் காட்டினால் என்ன ஆகும் என்று ஒரு பயம். அதைவிட, என்னை நிமிர்ந்து பார்த்த அந்தப் பார்வை. அது எனக்குப் புரியவில்லை. புரியாததால் அது போகவும் இல்லை.

நாலைந்து வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அங்கே இறங்கினேன். போஸ்டர் இருந்த இடத்தில் ஏதோ மனை விற்பனை விளம்பரம் ஒட்டியிருந்தார்கள். விசாரித்துப் போனேன். ஏரிக்கரைப் பக்கம், புது வீடுகளுக்கு நடுவே ஷீட் போட்ட வீடு. அவர் லுங்கியோடு வெளியே வந்து, பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். உள்ளே மிக்சி ஓடிக்கொண்டிருந்தது.

வழியெல்லாம் பழகிக்கொண்டு வந்ததைச் சொன்னேன். அன்று நான் சொன்னது உண்மையில்லை என்றேன். அவள் பஃபிங் என்று சொல்லவில்லை, டாக்டர் என்று சொல்கிறாள், அதுவும் அவளாகச் சொன்னதில்லை, அவள் சரியாகத்தான் கேட்டாள், சொல் தெரியாமல் நான்தான் டாக்டர் போடச் சொன்னேன் என்றேன். அகராதியில் தேடிய சொல்லை ஒரு தாளில் தமிழிலும் எழுதி எடுத்துப் போயிருந்தேன். அதை நீட்டினேன்.

அவர் தாளை வாங்கிக்கொண்டார், படிக்கவில்லை.

"தெரியும் சார்" என்றார். "டாக்டருன்னுதான சொல்லுது. அன்னிக்கி இஸ்கூல் உட்டு வந்ததுமே சொல்லிட்டா. எப்பா, பிரெஞ்சுல நீ டாக்டரு, சார் சொல்லிட்டாரு, யாருக்கும் தெரியாதுன்னு."

அன்றிலிருந்து வீட்டில் அவர் டாக்டர்தானாம். வேலையிலிருந்து கரி முகத்தோடு நுழைந்தால் மகள் நாடி பார்க்கச் சொல்லிக் கையை நீட்டுவாள். டாக்டர் குளிச்சிட்டு வராரா இல்ல அப்படியே சாப்டறாரா என்று அடுப்படியிலிருந்து மனைவி கேட்பாள். இதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார், உள்ளே கேட்டுவிடக் கூடாது என்பதுபோல.

"தெரிஞ்சும் ஏங்க என்னைக் கேட்டீங்க?"

தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைக்கப் போய், சட்டை போடவில்லை என்று கவனித்து, கையிலேயே வைத்துக்கொண்டார்.

"வேற யாராச்சும் ஒரு தபா சொல்லிக் கேக்கணும்னு இருந்தது சார். ஊட்ல இப்ப அந்தப் பேச்ச எடுக்க முடியாது, அவங்கம்மா அழுவும். நீங்க வாத்தியாரு, கேட்டா சொல்லித்தான ஆவணும்னு வந்தேன். நீங்க வேற சொன்னீங்க. சரி, சாருக்கு இன்னா சங்கடமோன்னு உட்டுட்டேன்."

அவர் தொடர்ந்தார்.

"ஒரு எடத்துல நிறுத்துது பாருங்க. நீங்க அதுக்கு அர மார்க்கு கொறச்சிட்டீங்கன்னு வந்து சொல்லிச்சு. அது மறந்துட்டு இல்ல சார். சிரிப்பு. நான்தான் எதிர்ல குந்திகினு போனப் புடிச்சிகினு கீறேன், குளிக்காத மூஞ்சியோட. டாக்டருன்னு சொல்ல வரும்போது என் மூஞ்சியப் பாக்கும், சிரிச்சிடும். நாலு வாட்டி சிரிச்சி, எடுத்தத அயிச்சாச்சு. அஞ்சாவது வாட்டி அடக்கிகினு சொல்லிச்சு."

உள்ளே மிக்சி ஓடிக்கொண்டே இருந்தது.

"இப்ப சொல்லுங்க சார்" என்றார். "அது சொன்னத."

பெயரிலிருந்து தொடங்கினேன். வயது, ஊர். நான்காவதுக்கு வந்தேன்.

"எங்கப்பா ஒரு டாக்டர்" என்றேன்.

மிக்சி நின்றது. யாரும் வெளியே வரவில்லை. அவர் தலையைக் குனிந்து, கறுப்பேறிய தன் கைகளைப் பார்த்துக்கொண்டு, இன்னொரு தபா என்றார். சொன்னேன். மாம்பழத்தையும் சொன்னேன். நான் எழுந்து தெருமுனை வரும்வரை மிக்சி திரும்ப ஓடவில்லை.

இது நடந்து இரண்டு வருடம் ஆகிறது. இப்போது வேலைகள் பாடம் வந்தால் ஒவ்வொரு பிள்ளையையும் எழுப்பி, அப்பா அம்மா உண்மையில் என்ன வேலை செய்கிறார்கள் என்று கேட்கிறேன். தெரியாத சொல்லை அங்கேயே தேடிக் கரும்பலகையில் எழுதுகிறேன். போர்ஷன் பின்தங்குகிறது. தலைமையாசிரியை இரண்டு தடவை கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்.

அந்தப் பதிவை நான் யாருக்கும் கொடுப்பதில்லை. ஆனால் அது அன்றே முப்பது வீடுகளுக்குப் போய்விட்டது. அந்த வீடுகளிலிருந்து இப்போது தம்பிகளும் தங்கைகளும் மூன்றாம் வகுப்புக்கு வருகிறார்கள். அவர்களிடமிருந்து பக்கத்துப் பெஞ்சுக்குப் போகிறது. இந்த வருடப் பிள்ளைகளில் ஒருவர்கூட அவளைப் பார்த்ததில்லை. ஆட்டோ ஓட்டுகிறவரின் மகள் எழுந்து நிற்கிறாள். பெயர் சொல்கிறாள், வயது சொல்கிறாள், ஊர் சொல்கிறாள். பிறகு மூச்சைப் பிடித்து, மூக்கில் அந்தச் சின்னச் சத்தத்தோடு நிறுத்துகிறாள்.

அங்கே நிறுத்தாதே என்று நான் இப்போது சொல்வதில்லை. அந்த இடம் வரும்போது கரும்பலகைப் பக்கம் திரும்பி, எதையாவது அழித்துக்கொண்டு நிற்கிறேன்.